மூச்சு விடுகிற ஆள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில், லண்டனில் ஒரு தமிழனின் முகத்தை என் நண்பன் எண்ணெய் வர்ணத்தில் படமாகக் கீறிவிட்டான் என்றால், அந்த ஆள் செத்துப்போனான் என்று அர்த்தம். இதில் விதிவிலக்கு கிடையாது. என்னை ஒருக்கால் கீறித் தாரும் என்று உயிரோடு இருக்கிற யாரும் அவனிடம் போய்க் கேட்டதில்லை. எங்கேயாவது செத்தவீடு என்றால்தான் அவனுடைய மொபைல் அடிக்கும்.

ஜெர்மனியில் சில காலம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டு, லண்டனில் மோர்டனுக்கு வந்து, ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் குடியிருந்தான். ஊரில் என்றால் செத்த அடுத்த நாளே எரித்துவிடுவார்கள். இங்கே எரிக்கிற இடத்தில் திகதி கிடைக்கவே ஒரு கிழமைக்கு மேலே ஆகும். அந்த இடைவெளியில்தான் அவனுடைய தொழில் ஓடியது. குடும்பத்தார் ஒரு பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவன் அதைப் பார்த்துப் பெரிதாகக் கீறி, வீட்டு ஹோலில் மாட்டக் கொடுப்பான். இறுதிக் கிரியை அன்று படம் மண்டபத்தில் பெட்டியின் தலைமாட்டில் நிற்கும். பிறகு திரும்பவும் ஹோலுக்கு வந்து மாலையோடு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

எல்லாருக்கும் ஒரே அலங்காரம்தான். வாழ்நாள் முழுக்கச் சாரத்தோடு திரிந்தவருக்கும் கோட்டும் டையும் வந்துவிடும். மொட்டையில் மயிர் முளைக்கும். நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு, தலையைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வெளிச்சம். குடும்பத்தார் பக்கத்தில் நின்று, மூக்கைக் கொஞ்சம் குறையுங்கோ தம்பி, கலரைக் கொஞ்சம் கூட்டுங்கோ தம்பி என்று சொல்லச் சொல்ல, ஓம் அம்மா, ஓம் ஐயா என்று குறைத்தும் கூட்டியும் கொடுப்பான். ஒரு பெண் தன் புருஷனுடைய படத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, "இந்த மனுசன் இருக்கேக்க ஒருநாளாவது இப்பிடி இருந்திருந்தால் நான் சண்டை பிடிச்சிருக்க மாட்டன்" என்று சொன்னாளாம்.

நானும் கலைஞன்தான். கல்யாணவீட்டுக்கும், பெண்பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்தியவீட்டுக்கும் மேடை போடுகிறவன். மிச்ச நேரத்தில் என் வீட்டுக் கராஜில் வைத்து, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைக் கட்டிகளில் அன்னம், மயில், யானை, கோயில் தூண் எல்லாம் வெட்டுவேன். காற்றடித்தால் பறந்துபோகும் யானை என்றாலும் யானைதானே. என் அன்னத்தை அவன் வாத்து என்பான். அவனுடைய படங்களை நான் பாஸ்போர்ட் ஒபிஸ் என்பேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்து நடுவில் ஒரு மண்டபத்தின் மேடையை அளக்க இரண்டு பேரும் போனோம். திரும்பும்போது மழை. எனக்கு அவசரமாக ஒன்றுக்குப் போகவேண்டி வந்தது. எதிரே பெரிய தூண்களோடு ஒரு சித்திரக்கூடம் இருந்தது, உள்ளே போகக் காசும் கேட்கவில்லை. இத்தனை வருடம் லண்டனில் இருந்தும் அதற்குள் நான் கால் வைத்தது அன்றுதான், அதுவும் கழிவறைக்காக. வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால் ஆளைக் காணவில்லை. அறை அறையாகத் தேடிக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு படத்தின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம். அதில் ஒரு வெள்ளைக்காரச் சித்திரகாரன், கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு இருந்தான். மேல்சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. பெருவிரலில் பச்சை வர்ணம் ஒட்டியிருந்தது. கீறுகிறவனோடு ஏதோ வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தவன் மாதிரி வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கீறினவனும் ஒரு சித்திரகாரன்தான், இவனுடைய சிநேகிதன் என்று பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"அண்ணை, உவர் செத்தவர் இல்லை," என்றான் என் நண்பன்.

"விசரா உனக்கு? செத்து நூறு வருசத்துக்கு மேலை."

"இப்ப செத்திட்டார். கீறேக்க உயிரோட இருந்திருக்கிறார். சிநேகிதன் முன்னால நிண்டு, கதைச்சுக் கதைச்சுக் கீறியிருக்கிறான். பாக்கத் தெரியேல்லையே?"

பார்க்கத் தெரியத்தான் செய்தது. ஆனால் அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பொத்தான் போன சட்டையோடு கீறி மானத்தை வாங்கியிருக்கிறான், நல்ல சிநேகிதன் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன்.

ரெயினில் அவன் பாதி வழியில்தான் சொன்னான். "என்ரை முன்னால இருந்தவை ஒருத்தரும் இண்டுவரைக்கும் மூச்சு விடேல்லை அண்ணை. பள்ளிக்கூடத்தில என்ரை மகளிட்டை, உன்ரை அப்பா என்ன செய்யிறவர் எண்டு டீச்சர் கேட்டிருக்கிறா. 'மை அப்பா டஸ் டெட் பீப்பிள்' எண்டிருக்கிறாள். பேந்து டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சவ."

நான் சிரித்த சிரிப்பில் எதிரே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. எங்கள் பகுதி லைப்ரரியில் உள்ளூர்க் கலைஞர்களுடைய படங்களை மாட்டப்போகிறார்கள் என்றும், ஆளுக்கு ஒரு படம் கொடுக்கலாம் என்றும் சொன்னான். "மூச்சு விடுற ஒரு ஆளைக் கீறிக் குடுக்கப் போறன். அதைப் பாத்து, ஒரே ஒரு ஆளாவது, இவர் உயிரோட இருக்கிறவர் எண்டு நினைக்கவேணும். அதுகும் ஏலாட்டி நான் பிரஷ்ஷை விட்டிட்டுத் திரும்பவும் கோப்பை கழுவப் போறன். நீங்கள் என்ரை முன்னால வந்து இருப்பியளோ?"

என் முகத்தைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் உண்டு. ஓம் என்றேன்.

என் கராஜிலேயே தொடங்கினோம். முதல்நாள் முழுக்க அவனால் என் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. நிமிர்ந்து பார்ப்பான், உடனே தலையைக் குனிந்துகொள்வான். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"நீங்கள் திருப்பிப் பாக்கிறியள் அண்ணை."

"பின்னே? கண்ணை மூடிக்கொண்டு இருக்கட்டோ?"

அவன் தூரிகையை இரண்டு தரம் துடைத்தான். "பாஸ்போர்ட் போட்டோ ஒண்டு இருந்தால் தாங்கோ. முதல்ல அதைப் பாத்துக் கீறிப்போட்டு, பேந்து உங்களைப் பாக்கிறன்."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைய வேலை அதோடு முடிந்தது. அடுத்த முறை நான் மூக்கைச் சொறிந்தேன், இருமினேன், போனில் ஒரு கல்யாணவீட்டுக்காரரோடு தூணின் உயரம் பற்றிச் சண்டை பிடித்தேன். அசையாதேங்கோ, அசையாதேங்கோ என்று அவன் கத்தினான். இதுவரைக்கும் தன்னிடம் வந்த ஒருத்தரும் இப்படி அசைந்ததில்லை என்று முறையிட்டான். அவர்களுக்கு அந்த வசதி இல்லை என்றேன். தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வயித்தைக் கீற மறந்துபோனியளே தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். படத்தில் நான் கோட்டுப் போட்ட ஒரு பிணமாக இருந்தேன். அவன் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தான்.

அப்படியே சில கிழமைகள் போயின. ஒருநாள் நான் அவனுக்கு முன்னால் இருந்தபடியே ஒரு அன்னத்தின் கழுத்தைச் சீவிக்கொண்டிருந்தேன். வாத்து நல்லா வருது என்றான். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியோடு எழும்பி, வாத்துக்கு இப்படிக் கழுத்து இருக்குமோ, கண்டிருக்கிறாயோ நீ, என்று தொடங்கினேன். "அப்பிடியே நில்லுங்கோ!" என்று அவன் போட்ட சத்தத்தில் நானே பயந்துபோனேன். அந்த நேரத்திலிருந்து அவன் என்னைப் பார்க்கத் தொடங்கினான். இருட்டும்வரை நாங்கள் அன்னத்தைப் பற்றிச் சண்டை பிடித்தோம், அவன் சண்டை பிடித்துக்கொண்டே கீறினான். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் சண்டையை அங்கிருந்தே தொடங்குவோம்.

படம் முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கையில் கத்தி, புருவத்தில் ரெஜிபோம் தூள், அரை திறந்த வாய். வயிறும் இருந்தது. நானேதான். என்னை இவ்வளவு கவனமாக இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நெற்றியைக் கவனித்தேன். மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு. தலையைச் சுற்றி வெளிர் நீல வெளிச்சம். நான் கோயிலுக்கு மேடை போடப் போவேனே தவிர, திருநீறு பூசி எத்தனையோ வருடமாகிறது.

"இதை எப்ப பூசினனீ?" என்று கேட்டேன்.

"நான் பூசேல்லையே," என்று கிட்ட வந்தான். பார்த்தான். பிறகு தன் கையில் இருந்த தூரிகையைப் பார்த்தான், நுனியில் வெள்ளை இருந்தது. அவனுடைய முகம் செத்துப்போயிற்று. "நெத்தி வெறுமையாக் கிடந்தது அண்ணை. கை தானாப் போட்டுது."

நாளைக்கு வந்து சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கராஜில் தூள் பறந்து ஈர வர்ணத்தில் ஒட்டும் என்று, படத்தைக் கொண்டுபோய் ஹோலில் கலண்டர் ஆணியில் மாட்டினேன். என் மனைவி பார்த்த உடனே தொடங்கிவிட்டாள். "உயிரோட இருக்கிற மனுசனை ஆரும் சுவரில கொழுவுவினமோ? அதுகும் திருநீறோட. கழட்டுங்கோ!" கலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றேன். அடுத்த நாள் காலையிலும் அதே ஆணிக்காக இன்னொரு சண்டை. அவள் கோபத்தோடு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள், நான் கோபத்தோடு மேடைச் சாமான் ஏற்றுகிற வானை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு மகள் மட்டும் இருந்தாள்.

மத்தியானம் பிளேஸ்டோவிலிருந்து என் மனைவியின் பெரியம்மா ஒரு கல்யாணக் கார்ட் கொடுக்க வந்தா. மகள் கதவைத் திறந்து, ஹோலில் இருத்திவிட்டு, தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனாள். பெரியம்மா நிமிர்ந்து சுவரைப் பார்த்தா. அவவுடைய புருஷனையும் என் நண்பன்தான் கீறிக் கொடுத்தவன், அந்தக் கை அவவுக்குத் தெரியும். திரும்பி வந்த மகளின் காதில் ஹெட்போன் இருந்தது, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிள்ளை அதிர்ச்சியில் உறைந்துபோய் நிற்கிறது என்று பெரியம்மா முடிவெடுத்தா. அவளைக் கட்டிப்பிடித்து அழுதா. சொந்தக்காரர் வந்தால் இப்படி ஏதாவது செய்வார்கள்தான் என்று மகளும் நின்றுகொடுத்தாள். பெரியம்மா தண்ணியும் குடிக்கவில்லை, கல்யாணக் கார்ட்டையும் கொடுக்கவில்லை. செத்தவீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாறன் என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. அவவும் சொல்லவில்லை, பேசாமல் எழும்பிப் போனா.

பஸ்ஸில் ஏறிய உடனே போனை எடுத்திருக்கிறா. என் மொபைல் வானுக்குள் கிடந்தது, மனைவியுடையது வேலையிடத்து லொக்கரில் கிடந்தது. ஆகவே மறுப்புச் சொல்ல ஆள் இல்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சொந்தக்காரர் சமைத்துக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். பின்னேரம் புட்டும் சொதியும் இடியப்பமுமாகச் சட்டிகள் வரத் தொடங்கின. மூன்றாவது சட்டியோடுதான் மகளுக்கு விஷயம் விளங்கியிருக்கிறது. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாளாம். "ஓம் ராசாத்தி, ஓம்," என்று அவளுடைய தலையைத் தடவிக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

என் மனைவி டிராமால் இறங்கி நடந்து வந்தவள், எங்கள் வாசலில் செருப்புகளைக் கண்டாள். உள்ளே கால் வைத்ததும் பெண்கள் அவள் மேல் விழுந்து அழுதார்கள். வானில் போன மனுசனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அவள் நம்பிவிட்டாள். நான் வந்து சேரும்வரை, கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் தனக்கு ஓடியதெல்லாம் காலையில் ஒரு ஆணிக்காகச் சண்டை பிடித்தோமே என்பதுதான் என்று பிறகு சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு அவள் மேல் வந்த அன்பை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது.

என் நண்பனுக்கும் போன் போயிருந்தது. அவனைக் கூப்பிட்டவர் கேட்டது, எரிக்கிறது எந்தத் திகதி என்று. செத்தவீடு எதுவாக இருந்தாலும் அவனுக்குத்தானே முதலில் தெரியும். அவன் மோர்டனிலிருந்து வர்ணம் அழிக்கிற டேர்ப்பன்டைன் போத்தலோடும் துணியோடும் ஓடி வந்திருக்கிறான்.

இது ஒன்றும் தெரியாமல் நான் வந்து சேர்ந்தேன். றோட்டில் வான் விட இடம் இல்லை. மூலையில் விட்டுவிட்டு, வெயில் பட்டு மஞ்சளாகாமல் இருக்க அன்னத்தை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். ஹோல் நிறையச் சனம். நடுவில் கதிரை மேல் ஏறி நின்று, என் நண்பன் படத்தின் நெற்றியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். "நான் உயிரோடதானே கீறினனான், உயிரோடதானே கீறினனான்," என்று அழுதுகொண்டிருந்தான். இரண்டு பேர் அவனுடைய காலைப் பிடித்து இறக்கப் பார்த்தார்கள்.

"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

சத்தம் நின்றது. வெள்ளை அன்னத்தோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, சனத்தோடு திரும்பி வந்திருந்த பெரியம்மா "முருகா" என்றா. என் மனைவி எழும்பி வந்து, சாப்பாட்டுப் பெட்டி இருந்த தன் கைப்பையால் எனக்கு நாலு போட்டாள். அடித்துவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்னத்தின் கழுத்து உடைந்துபோனது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பிறகு எல்லோருக்கும் கோபம் வந்தது. நான் சாகாததற்கு நான்தான் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. உயிரோடு இருக்கிறவனுக்கு ஏன் படம், அதில் ஏன் திருநீறு என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. செத்தவீட்டுக்கு என்று கொண்டுவந்த சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். ஆகவே புட்டு பரிமாறினார்கள், என் சாவுச் சாப்பாட்டை நானும் ஒரு கோப்பை சாப்பிட்டேன். சொதி நன்றாக இருந்தது.

என் நண்பன் மட்டும் கதிரையை விட்டு இறங்கவில்லை. படத்தில் நெற்றி இருந்த இடம் வெறும் கறையாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், திரும்பவும் என்னைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, அந்த லைற்றுக்குக் கீழ வந்து நில்லுங்கோ," என்றான். கராஜுக்குப் போய்த் தன் வர்ணங்களை எடுத்துவந்தான். சனம் முழுக்கப் புட்டுக் கோப்பையோடு சுற்றி இருக்க, என் நெற்றியை, அதன் சுருக்கத்தை, சின்ன வயதில் விழுந்த வடுவை, இருக்கிற மாதிரியே கீறத் தொடங்கினான். நீல வெளிச்சத்தின் மேல் கராஜ் சுவரின் அழுக்கு நிறத்தைப் பூசினான்.

சும்மா இருப்பார்களா? "மூக்கு கொஞ்சம் பெருத்துப்போச்சு தம்பி, குறையுங்கோ," என்றார் ஒருவர். "கலரையும் கொஞ்சம் கூட்டலாம்," என்றாள் ஒரு பெண்.

"அது அவரின்ரை மூக்கு," என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல். "அது அவரின்ரை கலர்."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை நான் கேட்டதே அன்றுதான். மூக்கைக் குறைக்கச் சொன்னவர் புட்டைச் சாப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை படம் லைப்ரரிக்குப் போனது. நல்ல இடத்தில்தான் மாட்டினார்கள். ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது அதற்கு முன்பே, புட்டுச் சாப்பிட்ட அன்று இரவே எங்கள் வாசலில் கிடைத்துவிட்டது. சனம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. பெரியம்மா கடைசியாக எழும்பி, கல்யாணக் கார்ட்டை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டா. என்னோடு இன்னும் கோபம்தான், முகம் கொடுக்கவில்லை. கதவடியில் நின்று சுவரைத் திரும்பிப் பார்த்தா. அங்கே நான் கத்தியும் கையுமாக, வெறும் நெற்றியோடு, யாரோடோ சண்டைக்கு நின்றேன்.

"அப்ப தம்பி, போயிட்டு வாறன்," என்று படத்தைப் பார்த்துச் சொன்னா.

தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்த அவனுடைய கை நின்றது. "கேட்டனீங்களே அண்ணை?" என்றான் மெதுவாக.

கேட்டேன் என்றேன். எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் அவ என்னைத் தாண்டிப் போய்விட்டா.